கெஞ்சனாயோ

அக்காவின் செல்போனிலிருந்து அவள் குரல் முதன்முதலாக வெளியே வந்தது ஒரு மத்தியானத்தில். காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய், வீடு மறுபடியும் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் என்று ஆகியிருந்தது. அம்மா அடுப்படி வாசலில் உட்கார்ந்து குச்சிக்கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து அக்காவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலிருக்கும் போட்டோக்களைப் பார்க்கத்தான் திறந்தேன். விரல் வேறெங்கோ பட்டுவிட்டது.

"கெஞ்சனாயோ?" என்றது போன்.

அக்காவின் குரல். அறைக்குள் நின்று பேசுவதுபோல அவ்வளவு பக்கத்தில். அதற்குப் பிறகு கொஞ்சம் மௌனம். யாரோ பதில் சொல்வதற்காக விட்ட இடம் மாதிரி. மறுபடி, முன்னைவிட மெதுவாக, "கெஞ்சனாயோ?"

அம்மாவின் கையில் கத்தி நின்றது. பாதி உரித்த கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"கெஞ்சுனேன் சாமி," என்றாள். "எல்லார்த்துகிட்டயும் கெஞ்சுனேன். டாக்டருகிட்டக் கெஞ்சுனேன். நர்சம்மா காலப் புடிச்சேன். எட்டுக்கை அம்மன்கிட்டக் கெஞ்சுனேன். கெஞ்சாம இருப்பனா கண்ணு?"

போனை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அது தன்பாட்டுக்கு அடுத்ததற்குப் போனது. அக்காவின் குரல் எனக்கும் அம்மாவுக்கும் புரியாத ஏதோ ஒன்றைச் சிரித்த குரலில் கேட்டது. பிறகு காத்திருந்தது.

அக்கா கொல்லிமலையில் எங்கள் எடப்புளி நாட்டு ஊர்களிலிருந்து டிப்ளமோ படித்து, சென்னைக்கு வெளியே ஒரு கொரியன் கம்பெனியில் வேலைக்குப் போனவள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக்கட்டாகச் சரிபார்த்து அனுப்பும் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். கால் வீங்கிப்போகும் என்று போனில் சொல்வாள். மேலே இருந்த அதிகாரிகளெல்லாம் கொரியாக்காரர்கள். வந்தால் வணக்கம் சொல்லவும், சாப்பிட்டீர்களா என்று கேட்டால் பதில் சொல்லவும் தெரிந்த பெண்களை அவர்கள் அடையாளம் வைத்துக்கொள்வார்களாம். அப்படித்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது.

"கொரியன் தெரிஞ்சா லைன்ல நிக்க வேண்டாம்டி. ஆபீசுக்குள்ள உக்காந்துக்கலாம். இங்க இருக்கற மொழிபெயர்க்கற அக்கா நாற்காலியிலதான் உக்காந்திருக்கு," என்பாள்.

ஹாஸ்டலில் அவளோடு அந்த மொழியில் பேசுவதற்கு யாருமில்லை. அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கேள்விகளை மட்டும் தன் குரலில் போனில் பதிந்துகொள்வாள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு. பிறகு அதை ஓடவிட்டு, அந்த இடங்களில் பதில் சொல்லிப் பழகுவாள். கடைசியாக ஐப்பசி மழையில் ஊருக்கு வந்திருந்தபோதும் அதேதான். வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே போய் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருப்பாள். "தனியாப் பேசிட்டுக் கெடக்கறா, பாக்கறவங்க என்ன நெனப்பாங்க," என்று அம்மா என்னிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

மழை விடுவதற்கு முன்பே திரும்பிப் போனாள். போன கொஞ்ச நாளில் காய்ச்சல். டெங்கு என்றார்கள். நாங்கள் மலையிறங்கி, பஸ் மாறி, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள், அதில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அம்மா அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு வராந்தாவிலும் யாரையாவது கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் எல்லாரையும் கும்பிட்டாள். லிஃப்ட் ஓட்டுகிறவரையும் கும்பிட்டாள்.

அதனால்தான் அந்த மத்தியானம் அவளுக்கு அந்தச் சொல் அப்படிக் கேட்டது. மகள் திரும்பி வந்து, எனக்காக நீ கெஞ்சினாயா என்று கணக்குக் கேட்கிறாள் என்றே நினைத்துவிட்டாள்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அக்கா அப்படிக் கேட்கிறவள் இல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. எங்கள் ஊருக்குள் போனில் சிக்னல் நிற்காது. ரோட்டில் ஒரு வளைவில் மட்டும் கிடைக்கும். அங்கே போய் மைல்கல்லின் மேல் உட்கார்ந்து, நெட்டில் கொரியன் பாடங்களாகத் தேடினேன். ஒரு பெண் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த வீடியோவில், விட்டுவிட்டு வந்த சத்தத்துக்கு நடுவே, அந்தச் சொல் கிடைத்தது.

நல்லாயிருக்கிறீர்களா, ஒன்றும் ஆகவில்லையே. அவ்வளவுதான். ஒருவர் விழுந்துவிட்டால், முகம் வாடியிருந்தால், கேட்பது.

ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள்.

"நெசமாலுமா?"

"நெசமாத்தாம்மா. நல்லாருக்கியான்னு கேக்கறா."

அம்மா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு, "அதுக்கு என்ன பதில் சொல்லோணும்?" என்றாள்.

"அதையேதான் திருப்பிச் சொல்லோணும். கேக்கறப்ப மேல தூக்கிக் கேக்கோணும், சொல்றப்ப எறக்கிச் சொல்லோணும். நம்ம 'சாப்பிட்டாச்சா', 'சாப்பிட்டாச்சு' மாதிரி."

"போடு," என்றாள்.

போட்டேன். "கெஞ்சனாயோ?" என்றாள் அக்கா. அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடமே போகாத அம்மா, போனுக்கு நேராகக் குனிந்து, "கெஞ்சனாயோ," என்று இறக்கிச் சொன்னாள். அக்கா அடுத்த கேள்விக்குப் போனாள். பதில் கேட்டுத் திருப்தியாகி நகர்ந்ததுபோலவே இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அது நடந்தது. அம்மாவுக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே நான் கற்றுக்கொண்டேன். காலையில் ரோட்டு வளைவில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வருவேன், மத்தியானம் அம்மாவிடம் கொடுப்பேன். 'நே' என்றால் ஆமாம். 'பாப் மொகொசோயோ' என்றால் சாப்பிட்டாச்சா. 'ஜிபே இசோயோ' என்றால் வீட்டில் இருக்கிறேன். 'ஒப்சொயோ' என்றால் இல்லை. அப்பாவுக்கு அவர்களும் அப்பா என்பதையும், வா என்பதற்கு வா என்பதையும் கேட்டு அம்மா ஆச்சரியப்படவில்லை. "பின்ன வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றாள்.

ஒருநாள் அக்கா "பீ வாயோ?" என்று கேட்டாள். மழை பெய்கிறதா என்று அர்த்தம். அம்மா என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "மழைக்கு வைக்க வேற பேரே கெடைக்கலியா அவங்களுக்கு!" என்று சொல்லி அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அக்கா போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. நாங்கள் சிரித்து முடிக்கும்வரை போனுக்குள் மௌனம் இருந்தது. பிறகு அக்காவும் ஒருமுறை மூக்கால் சிரித்தது கேட்டது. பதியும்போது அவளுக்கும் அதே நினைப்பு வந்திருக்க வேண்டும். அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

இன்னொன்றை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. 'ஒதியேயோ' என்று ஒரு சொல். எங்கே என்று அர்த்தம், அதை மட்டும் சொல்லிக்கொடுத்தேன். கழிப்பறை எங்கே, பஸ் ஸ்டாண்டு எங்கே என்று அக்கா வரிசையாகக் கேட்டு வைத்திருந்தாள். அதைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நான் இதை முன்பே கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண் பாதி திறந்திருக்க, அக்கா அதைத்தான் திரும்பத் திரும்ப முனகினாள். காய்ச்சல் வேகத்தில் உளறுகிறாள் என்று நர்ஸ் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். எங்கே என்று கேட்டிருக்கிறாள். எது எங்கே என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

பதிவுகளில் அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்தது. தமிழில் அவள் கொஞ்சம் கறாராகப் பேசுகிறவள். கொரியனில் குரல் மேலே ஏறி, நுனியில் சிரிப்போடு நின்றது. அது அக்காதான், ஆனால் நான் பார்த்தே இராத ஒரு அக்கா. "இந்தப் பேச்சுல அவ சந்தோசமா இருக்கறா," என்று அம்மா சொன்னாள். 'இருந்தாள்' என்று சொல்லவில்லை. நான் திருத்தவும் இல்லை.

எனக்கும் அக்காவுக்கும் குரல் ஒரே மாதிரி என்று சின்ன வயதிலேயே சொல்வார்கள். அந்த மொழியை நான் கற்றுக்கொண்டதே அவள் குரலிலிருந்துதான் என்பதால், அவள் ஏற்றிய இடத்தில் ஏற்றி, அவள் இழுத்த இடத்தில் இழுத்துப் பேசினேன். ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே துணி துவைத்துக்கொண்டே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காட்டிலிருந்து விறகோடு வந்தவள், வேலிக்கு அப்பால் அப்படியே நின்றுவிட்டாள். விறகுக்கட்டு தலையிலேயே இருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. ஏமாற்றம். அதை மறைக்க அவள் பட்ட பாட்டையும் பார்த்தேன்.

அப்பாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. அவர் மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில் தங்கிச் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவர், சனிக்கிழமை மேலே வருவார். வந்தால் நாங்கள் போனைப் போடமாட்டோம். ஒரு சனிக்கிழமை அவர் சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்கா உள்ளே கேட்டுக்கொண்டிருந்தாள், அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா வாசற்படியைத் தாண்டவில்லை.

"அத அணைச்சு வை கண்ணு," என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், "போனவளப் போக உடோணும். நித்தமும் இப்பிடிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அவ எந்தப் பக்கம் போவா?"

"ஏனுங்க, நான் எங்கீங்க கூப்படறேன்?" என்றாள் அம்மா. "அவதான் கூப்படறா. நான் பதிலு சொல்றேன். புள்ள கேக்கறப்ப வாய மூடிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

அப்பா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போனார். அன்றைக்கு இருட்டிய பிறகுதான் சாப்பிட வந்தார். அதற்குப் பிறகு சில சனிக்கிழமைகள் வேலை இருக்கிறது என்று வராமலே இருந்தார்.

பதிவுகள் நிறைய இருந்தன. பெயர் எதுவும் இல்லாமல் எண் மட்டும் போட்டிருந்ததால் எதில் என்ன இருக்கும் என்று தெரியாது. அப்படித்தான் அந்த ஒன்று வந்தது. முதலில் மழைச் சத்தம். எங்கள் தகரக் கூரையில் விழும் மழை, அதை எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும். அக்கா ஏதோ கேட்டாள். இடம் விட்டாள். அந்த இடத்தில், தூரத்திலிருந்து, ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, களி ஆறிப்போவுது. வந்து சாப்புட்டுப் போயிப் பேசு!"

"இரும்மா, வாரேன்," என்று அக்கா தமிழில் சொன்னாள். அதோடு பதிவு முடிந்துவிட்டது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "யாரது, அவளக் கூப்படறது?"

"நீதாம்மா."

"நானா?"

"நீதான். மழையன்னிக்கு. அடுப்படியில இருந்து கூப்பிட்டிருக்கே."

மறுபடி போடச் சொன்னாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு தலையை ஆட்டினாள். "எங்கொரலு இல்ல கண்ணு அது. அது யாரோ சந்தோசமா இருக்கற பொம்பள."

அழித்துவிடவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும், ஆனால் போடாதே என்றாள். அதன் எண்ணை நான் மனதில் வைத்துக்கொண்டு, அந்த இடம் வரும்போதெல்லாம் தாண்டிவிடுவேன். தாண்டும்போதெல்லாம் அந்தப் பெண் அங்கே மழையில் கூப்பிட்டுக்கொண்டு நிற்பது தெரியும்.

வாசலூர்பட்டியில் படகு விடும் ஏரிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. நான்கு குச்சி நட்டுத் தார்ப்பாய் கட்டிய கடை. மிளகு, காபிக்கொட்டை, மலைவாழை, அன்னாசி விற்போம். சீசனில் அம்மாவும் என்னோடு வந்து உட்காருவாள். பெங்களூரிலிருந்து, சேலத்திலிருந்து எல்லாம் ஆட்கள் வருவார்கள். கொரியாக்காரர்கள் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று ஒரு பெரிய காரிலிருந்து நடுவயதுத் தம்பதியும் ஒரு சின்னப் பெண்பிள்ளையும் இறங்கினார்கள். டிரைவர் தமிழ் ஆள். அவர் படகுக்குச் சீட்டு வாங்க வரிசைக்குப் போனார். அந்தப் பெண்பிள்ளை செருப்பில் சேறு பட்டதற்காக முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அவள் அப்பா சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொன்னார். அந்த அம்மாள் இருவரையும் அதட்டினார்.

அது கொரியன். அக்காவின் குரலில் மட்டுமே இருந்த மொழி. எங்கள் வீட்டுச் சுவருக்குள் மட்டும் இருந்தது. அது இப்போது வெயிலில், கொசுவைத் தட்டிக்கொண்டு, பிள்ளையை அதட்டிக்கொண்டு நடந்து வந்தது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள்.

அந்த அம்மாள் கடைக்கு வந்து வாழைப்பழத்தைத் தொட்டுப் பார்த்தார். அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அதன் முகப்பில் அக்காவின் படம் இருக்கும். அதை அந்த அம்மாளின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"எம்புள்ள," என்றாள். "எம்புள்ள ஒதியேயோ?"

அவர் பின்வாங்கினார். கொல்லிமலையில் தார்ப்பாய்க் கடையில் நிற்கும் ஒரு அம்மாளிடமிருந்து தன் மொழி வந்ததை முதலில் நம்பவில்லை. பிறகு படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். வேகமாக ஏதோ கேட்டார். அம்மாவுக்குப் புரியவில்லை. இத்தனை நாளும் அவளுக்கு வந்த கேள்விகளெல்லாம் மெதுவாக, இடம் விட்டு வந்தவை.

"அங்கதானுங்க இருக்கறா," என்றாள் அம்மா தமிழில். "உங்க பேச்சுத்தான் பேசறா. நித்தமும் பேசறா. நீங்க பாக்கலீங்களா? செவப்பா, ஒசரமா, கன்னத்துல மச்சம் இருக்கும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் அம்மா எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று.

நான் நடுவில் புகுந்தேன். எனக்குத் தெரிந்த சொற்களைத் தேடினேன். அக்கா பதிந்து வைத்தவை எல்லாம் சாப்பாடு, மழை, பஸ், ஆபீஸ். இறந்துபோவதற்கு அதில் சொல் இல்லை. அக்காவைத் தங்கை 'ஒன்னி' என்று கூப்பிடுவாள், அது தெரியும். "ஒன்னி," என்றேன். "ஒன்னி ஒப்சொயோ." அக்கா இல்லை.

எங்கள் மொழியில் போலவே அந்த மொழியிலும் அதற்கு, இங்கே இல்லை, உயிரோடு இல்லை என்று இரண்டு அர்த்தமும் உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த அம்மாள், அக்காவை வீட்டை விட்டுக் காணாமல் போன பெண் என்று நினைத்தார். உடனே தன் போனை எடுத்து அக்காவின் படத்தைப் படம் பிடித்தார். கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவின் தோளைத் தொட்டு, உறுதி சொல்வதுபோல ஏதோ சொன்னார். அம்மாவின் கண் பளபளத்தது. "பாத்துச் சொல்றாங்களாமா கண்ணு?" என்று என்னைக் கேட்டாள்.

டிரைவர் சீட்டோடு வந்தார். "என்னாச்சுக்கா? அம்மா ஏன் அழுவுறாங்க?"

அவரிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கேட்காமல் சொல்லத்தான் பார்த்தேன். ஆனால் கடை சின்னது. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாளிடம் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், கைகளால் காட்டிக்காட்டிச் சொன்னார்.

அந்த அம்மாளின் வாய் திறந்தது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"ஐகோ," என்றார். "ஐகோ, ஐகோ."

அந்தச் சொல் அக்காவின் பதிவுகளில் இல்லை. ஆபீசில் உட்கார அது தேவைப்படாது. ஆனால் அம்மாவுக்கு அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதுவரை பிடித்து வைத்திருந்தது எல்லாம் உடைந்து, "ஐயோ" என்று கடைப் பலகையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் விலையுயர்ந்த உடுப்போடு அந்தத் தூசிப் பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கணவரும் பெண்ணும் படகுக்குப் போனார்கள். அவர் போகவில்லை.

வெகுநேரம் கழித்து என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான், அதுவும் அவர் இரண்டாம் முறை சொன்னபோது. "க்வென்ச்சனாயோ?"

"கெஞ்சனாயோ," என்றேன் பதிலுக்கு.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்து, உதட்டைக் குவித்து, எனக்குச் சரியாகச் சொல்லிக் காட்டினார். க்வென். ச்சன். அவர் வாயில் அது கெஞ்சுவது போலக் கேட்கவே இல்லை. ஒரு துளிகூட இல்லை. அக்காவின் நாக்கு தமிழ் நாக்கு. அந்தச் சொல்லைத் தனக்குத் தெரிந்த சத்தத்துக்குள் போட்டுப் பேசியிருக்கிறாள். அம்மாவை அன்றைக்கு உலுக்கிய அந்தக் கெஞ்சல் கொரியாவிலிருந்து வரவில்லை. எங்கள் மலையிலிருந்துதான் போயிருந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "நான் நெனச்சுக்கிட்டேன் கண்ணு," என்றாள், "அது அவ போன எடத்துப் பேச்சுன்னு. இவங்களும் நம்மளாட்டம் சோறு திங்கறவங்கதான்." பிறகு, "அத்தன தூரத்துல ஒரு நாடு நெசமாலுமே இருக்குதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை என்பது தெரிந்தது.

அதன்பின் நெடுநாள் அவள் போனைக் கேட்கவில்லை. மத்தியானங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. கேள்வியும் இல்லை, இடமும் இல்லை. அப்பா சனிக்கிழமை தவறாமல் வர ஆரம்பித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். தை மாதம் மிளகு பறித்துக் காயப்போட்டிருந்த ஒருநாள், நான் கேட்காமலே, "கொஞ்சம் போடு கண்ணு," என்றாள். போட்டேன். அக்கா கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. மிளகைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டே சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா கேட்டுவிட்டு விட்ட ஒவ்வொரு இடத்திலும் மிளகு உருளும் சத்தம் மட்டும் கேட்டது. இப்போதும் அப்படித்தான். எப்போதாவது ஒருநாள் போடச் சொல்வாள், கேட்பாள்.

நான் கற்றுக்கொள்வதை நிறுத்தவில்லை. அந்த அம்மாள் டிரைவரின் போன் வழியாக எனக்குச் சில சொற்களைத் தன் குரலில் பேசி அனுப்பினார். மிளகுக்கு, வாழைக்கு, அன்னாசிக்கு. எல்லாம் கடையில் வைத்திருப்பவை. அக்காவுக்குத் தெரியாத சொற்கள். அவற்றைச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசும். அவள் நின்ற இடத்தைத் தாண்டித் தனியாகப் போகிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்த்தால் அவள் அந்த மரங்களுக்கு நடுவே, கேள்விகளோடு, அதே வயதில் நின்றுகொண்டிருப்பாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் தொட்டிப் பக்கம் நின்று அவற்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா பஸ் இறங்கி வந்தவர் வேலிப்படலைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார். பையைக் கீழே வைக்கவில்லை.

"கண்ணு," என்று கூப்பிட்டார். "பேசறது நீயா, அதா?"

"நாந்தாம்ப்பா."

"போன் எங்க?"

"உள்ள இருக்குது. அணைச்சு வெச்சிருக்குது."

அவர் படலைத் திறந்துகொண்டு வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது ஒரு நிமிடம் நின்று, என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு காய்ப்பேறிய கையை என் தலையில் வைத்து எடுத்துவிட்டு, உள்ளே போனார்.